பாலை இறக்கிய மேசிரி

அடுப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அடுப்பை வைத்து, புகைக்குழாயையும் ஏற்றிக் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்ததுதானே, பால்காய்ப்பு அன்றைக்கும் எதற்காகப் போய் நிற்க வேண்டும் என்று. நியாயமான கேள்விதான். போனில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அது சரியான பதில் இல்லை. இப்போது சொல்கிறேன். கேட்டுவிட்டுப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே பல அடுக்களைகளில் என் கை பட்ட அடுப்பு இருக்கிறது. புகையில்லா அடுப்பில் தொடங்கினேன். கேஸ் வந்ததும் எங்கள் கதை முடிந்தது என்றார்கள், முடியவில்லை. கேஸ் இருக்கிற வீட்டிலும் வெந்நீருக்கும் மரச்சீனிக் கிழங்கு அவிப்பதற்கும் விறகடுப்பு ஒன்று வேண்டியிருந்தது. கடைசியில் ஹோம்ஸ்டேக்காரர்கள் வந்தார்கள். முழங்கால் தகராறு செய்யும்வரை வேலை செய்தேன். குழாயை எப்படி இணைப்பது, எந்தச் சரிவில் ஏற்றுவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு வீடியோ இருக்கிறது, என்னைவிடப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு வீடே உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது என்பது மட்டும் எந்த வீடியோவிலும் இல்லை.

எங்கள் பக்கத்தில் புது வீட்டின் முதல் தீ என்பது சாதாரணக் காரியம் அல்ல. இந்துக்கள் முகூர்த்தம் பார்த்துப் பால் காய்ச்சுவார்கள். எங்கள் சபைக்காரர்கள் ஜெபம் முடித்துக் காய்ச்சுவார்கள். பால் பொங்கி வழிய வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் கிடையாது. அடுப்பு வைத்த மேசிரி அருகில் நின்று முதல் தீயைப் பார்ப்பது வழக்கம். அவருக்கு உடுக்க ஒரு புது முண்டும், பொங்கிய பாலில் ஒரு டம்ளரும் உண்டு. எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் காஞ்சிரங்குளத்துக்காரர். பேர் வேண்டாம். முதல் தீ மேசிரிக்கு உள்ளது, இரண்டாவது தீதான் வீட்டுக்காரனுக்கு உள்ளது என்பார். அந்த ஒன்றை மட்டும் அவர் சொன்னபடியே வைத்துக்கொண்டேன். என்னைக் கெடுத்ததும் அதுதான்.

அஜயன் என்று ஒருவர். குளிர் நாடு ஒன்றில் நல்ல வேலையில் இருந்துவிட்டுத் திரும்பி, கள்ளிக்காட்டுப் பக்கம் நீர்த்தேக்கத்தைப் பார்த்த சரிவில் இடம் வாங்கினார். அதில் முழுக்கப் பலகையால் ஒரு சின்ன கேபின். விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கு. அதற்குள்ளே, அவர் இருந்த நாட்டில் பார்த்ததுபோல, விறகு போட்டு எரிக்கிற இரும்பு அடுப்பு ஒன்று வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார். சும்மா உட்கார்ந்தாலே வேர்த்து ஊற்றுகிற ஊரில் கதகதப்பு எதற்கு என்று கேட்டேன். சிரித்தார். மழைக் காலத்தில் அந்தச் சரிவில் ஈரம் எலும்புக்குள் ஏறும், அதோடு போட்டோவில் கொள்ளாமாக, அழகாக இருக்கும் என்றார். கேட்டால் பதில் சொல்கிற மனிதர், நாம் சொன்னால் கேட்கிற மனிதர் என்று நினைத்தேன். எனக்குப் பிடித்துப்போனது.

அடுப்பைப் பட்டறையில் சொல்லிச் செய்வித்தேன். தரையில் செங்கல் மேடை, பின்னால் செங்கல் சுவர். குழாய் மேலே போய்ப் பலகை மச்சைத் துளைத்துக்கொண்டு கூரைக்கு வெளியே போக வேண்டும். மரம் இருக்கிற இடத்தில் சூடான குழாய் போகிறது என்றால் பயப்பட வேண்டியது அந்த ஒரு இடத்தில்தான். துளையைப் பெரிதாக வெட்டச் சொல்லி, குழாயைச் சுற்றி ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டு, தகரத்தால் மூடி போட்டேன். பார்க்க அழகில்லைதான். இதில் கை வைக்கக் கூடாது என்று அஜயனிடமும், பலகை வேலை செய்தவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

பால்காய்ப்பு அன்று காலையில் போய்ப் பார்க்கிறேன், தகரத்தைக் காணவில்லை. குழாயை ஒட்டி வட்டமாகப் பலகை வைத்து, பாலிஷ் போட்டு, கல்யாணப் பெண்ணுக்கு வளையல் போட்டதுபோல அடைத்து வைத்திருக்கிறார்கள். அஜயனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். போட்டோ எடுக்க ஆள் வருகிறார்கள், தகரம் தெரிந்தால் மோசமாக இருக்கும் என்று மறைத்தார்களாம். மறுநாளே கழற்றிவிடுவார்களாம்.

“சாரமில்ல மேசிரி. ஒரு பாலு காய்க்கிற தீ தானே?”

அவர் சொன்னதில் பிழை இல்லை. இரண்டு விறகுச் சிராய் போட்டு ஒரு செம்புப் பாலைப் பொங்கவைத்தால் அந்தப் பலகைக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேலே ஒரு துண்டுகூட வைக்கக் கூடாது என்றேன். சம்மதித்தார். எல்லாரிடமும் அவரே சொல்லவும் செய்தார்.

சொன்னார், ஆனால் சொந்தக்காரர்களுக்குக் காது கேட்க வேண்டுமே. இரும்புத் தகட்டின் மேல் வைத்த பால் சீக்கிரம் சூடேறாது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அஜயனின் அம்மா கைகூப்பியபடி பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தீயில் தன் கையாலும் ஒன்று வைத்தால் ஐசுவரியம் என்பது நம்மவர்களின் நம்பிக்கை. ஒரு சித்தி வந்து ஒரு சிரட்டையைப் போட்டார். அடுத்து ஒரு பெரியப்பா. ஓரகத்தி போட்டதைப் பார்த்து இன்னொருத்தி. தடுக்கப் போனால், ஒண்ணே ஒண்ணு மேசிரி என்று சிரிக்கிறார்கள். யாரோ நெய்யும் ஊற்றினார்கள். தேங்காய்ச் சிரட்டை எரிவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், இஸ்திரிப் பெட்டிக்காரர்களைக் கேளுங்கள். குழாயின் அடிப்பாகம் சிவக்கத் தொடங்கியது. பார்த்தவர்கள், தீ நல்லா பிடிச்சு என்று சந்தோஷப்பட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. விறகுப் புகை ஒரு வாசனை, பாலிஷ் சூடாவது ஒரு வாசனை. இது இரண்டும் இல்லை. மரம் உள்ளே கருகுகிற வாசனை, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. மேலே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பாலிஷ் பளபளவென்று இருக்கிறது. தீ இருந்தால் அந்தப் பலகைக்குப் பின்னால், மச்சுக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே காய்ந்த மரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

கேபினில் ஒரு மேல்தட்டு இருந்தது, படுப்பதற்கு. பெரியவர்கள் கூட்டத்தில் இடமில்லாமல் பிள்ளைகளெல்லாம் அங்கே ஏறி உட்கார்ந்து, கீழே நடப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய் அவர்கள் பக்கமாகத்தான் போகிறது. இறங்குவதற்கு ஒரே ஒரு ஏணி, அதுவும் அடுப்பை ஒட்டி. மேலே பற்றினால் முதலில் போவது அந்த ஏணி வழிதான்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். உங்களுக்குத் தெரிந்தது ஒரு வாசனை மட்டும். கண்ணால் எதையும் பார்க்கவில்லை. சுற்றி நிற்கிற யாருக்கும் அது தெரியவில்லை. உங்கள் கணக்குச் சரியென்றால் பிள்ளைகளின் உயிர். பிழையென்றால் ஒரு வீட்டின் பால்காய்ப்பைக் கெடுத்தவன் நீங்கள். இன்னொருவரிடம் கேட்டு முடிவு செய்ய நேரம் கிடையாது, கேட்டாலும் பால் பொங்கட்டும் என்றுதான் சொல்வார்கள். நான் அதிகம் யோசித்தேன் என்று பெருமை பேச மாட்டேன். மூக்கை நம்பினேன்.

பிள்ளைகளை இறங்கச் சொன்னேன். முதல் தடவை சொன்னபோது விளையாட்டு என்று நினைத்தார்கள். இரண்டாம் தடவை என் குரலைக் கேட்டு ஒவ்வொன்றாக இறங்கி வெளியே ஓடினார்கள். பிறகு தோள்துண்டால் பானையின் கழுத்தைப் பிடித்தேன். பால் ஓரத்தில் நுரைத்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அஜயனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மேசிரி, இப்பம் பொங்கிரும். ஒரு நிமிசம். எறக்காண்டாம்.”

அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. அதட்டவில்லை, கெஞ்சினார். மச்சை உடைக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், அதற்கு அடியில் கொதிக்கிற பாலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஒரு நிமிடம் பொறுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு நிமிடத்தில் பால் பொங்கும், மரமும் பொங்கும். எது முந்தும் என்று யாரால் சொல்ல முடியும்? பாலை இறக்கித் தரையில் வைத்தேன். நுரை அப்படியே அமர்ந்துபோனது.

அடுப்பின் வாயை அடைத்துக் காற்றை நிறுத்தினேன். ஏணியில் ஏறி, பாரையால் அந்த அழகான பலகையை நெம்பி எடுத்தேன். உள்ளே புகை அடைத்துக்கொண்டிருந்தது. பலகையின் பின்பக்கமும் மச்சுச் சட்டத்தின் ஒரு மூலையும் கருகி, ஓரத்தில் பீடி முனை அளவுக்குக் கனிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றினேன். சுர்ரென்று அணைந்துபோனது. அவ்வளவுதான். கீழே கொண்டுவந்து காட்டியபோது, அது ஒரு உள்ளங்கை அளவுக் கரி. கையிலிருந்து கைக்கு மாறியது. பார்த்த ஒவ்வொருவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், இன்னும் ஏதாவது இருக்கும் என்பதுபோல.

“இதுக்காக்கும்?” என்றார் அந்தப் பெரியப்பா.

கூரை எரிந்து, நாலு பேருக்குச் சுட்டு, ஒரு பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தால் என்னைக் கும்பிட்டிருப்பார்கள். முண்டுக்குப் பதில் சால்வை போர்த்தியிருப்பார்கள். எரியாமல் தடுத்ததால் என் கையில் மிஞ்சியது உள்ளங்கை அளவுக் கரிதான். மக்கா, இந்தத் தொழிலில் இதைவிடக் கசப்பான விஷயம் எனக்குத் தெரியாது. நீங்கள் சரியாகச் செய்தால், செய்ததற்கு அடையாளம் இருக்காது.

பிறகு முற்றத்தில் மூன்று கல் கூட்டி அதே பாலைத் திரும்பக் காய்ச்சினார்கள். நன்றாகவே பொங்கியது. ஆனால் நேரம் போயிருந்தது. ஒருமுறை இறக்கிய பால் என்று வேறு ஆகிவிட்டது. யாரும் குலவை போடவில்லை. எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள். முண்டைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

அத்தோடு போயிருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். அந்த மழைக் காலத்தில் அஜயனின் அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாதம். அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது, மாத்திரையைச் சரியாகச் சாப்பிடாத மனிதர் என்று ஊருக்கே தெரியும். ஆனால் பால் பொங்கவில்லை என்பதும் ஊருக்குத் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட ஒரு ஆள் போதாதா? கொஞ்ச நாளில் எனக்குப் புதுப் பேர் வந்துவிட்டது. பாலை இறக்குன மேசிரி. டீக்கடையில், பஸ்ஸில், என் சபை வாசலில்கூட. ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து பாடுகிறவர்கள், புது வீடு கட்டினால் அடுப்பு வைக்க மட்டும் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். புகை அடைத்துக்கொண்டால், குழாய் ஓட்டையானால் என்னைக் கூப்பிடுவார்கள். பழைய அடுப்புக்கு ராசி எதற்கு?

மற்றவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாமல் பேசினார்கள். அஜயன் மேல் உண்டு. அந்தக் கரியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அவர். அடுத்த வாரமே அந்தத் துளையைப் பெரிதாக்கி, மரத்தை வெட்டி எடுத்து, நான் சொன்னபடியே தகரம் அடித்தார் என்று பலகை வேலைக்காரரே என்னிடம் சொன்னார். அப்படியென்றால் நான் சொன்னது உண்மை என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை, வீட்டில் சோறு தின்னும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் எதிரே வந்தார். ஒதுங்கிப் போக முடியாத இடம். நான் கேட்டுவிட்டேன்.

“அம்மைக்க மனசு அப்படி, மேசிரி. அப்பா கெடக்க கெடையில நான் என்ன சொல்ல?” என்றார்.

கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தக் கண்ணீரைப் பார்த்து இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்வதற்கு அவருக்குச் செலவு ஒன்றும் இல்லை, அம்மாவின் முகம் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். அதைக் காப்பாற்றிக்கொள்ள என் பிழைப்பை எடுத்துக்கொண்டார்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவரைப் போய்ப் பார்த்தேன். அவராவது ஊரில் நாலு பேரிடம் எடுத்துச் சொல்வார் என்று ஒரு நினைப்பு. நடந்ததை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, நீ செஞ்சது சரியாக்கும் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எழுந்திருக்கும்போது, “இனி எனக்க பேரச் சொல்லி வேலைக்குப் போவாத, கேட்டியா. எனக்கு இன்னும் ரெண்டு பயக்க இதே வேலையில உண்டு” என்றார். அவர் சொன்ன இரண்டும் உண்மைதான். சரியாகச் செய்ததும் உண்மை, அதற்காக என்னோடு யாரும் நிற்கப்போவதில்லை என்பதும் உண்மை. வயதானவர், மறைக்காமல் சொன்னாரே என்று இப்போது தோன்றுகிறது. அன்று அவர் வீட்டுப் படி இறங்கும்போது அப்படித் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நான் முதல் தீக்கு நின்றது வெளியூரில் மட்டும்தான். பேர் எட்டாத ஊரில். போன ஓணத்துக்குச் சற்று முன்னால் என் மகள் சுனிதா பாறசாலையில் வீடு கட்டி முடித்தாள். அவளும் மருமகனும் சேர்ந்து கட்டியது. அடுப்பு நான்தான் வைத்தேன். முழங்கால் வலியோடு உட்கார்ந்து வைத்தேன். என் ஆயுளில் அதைவிட நன்றாக இன்னொன்று வைக்கவில்லை. பால்காய்ப்புக்கு முந்தின நாள் அவள் வந்தாள். நெடுநேரம் வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு, மாமா வீட்டில் சிலருக்கு ஒரு மாதிரி இருக்கிறது, அவர்கள் பழைய ஆட்கள், அப்பா கொஞ்சம் தாமதித்து வந்தால் நல்லது என்றாள். எனக்குப் புரிந்தது. அவளை நான் சங்கடப்படுத்தவில்லை. புகுந்த வீட்டில் அவள் இருந்து வாழ வேண்டுமே. சரி மக்களே, பைய வாறேன் என்றேன்.

அன்று பாறசாலை ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். புது வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு. கடைக்காரருக்கு என்னைத் தெரியும், எங்கேயாவது கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஜெபம் முடிந்திருக்கும், பால் வைத்திருப்பார்கள், இந்நேரம் பொங்கியிருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு கிளம்பினேன்.

வாசலிலேயே சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

“எங்க போயிட்டிய சம்பந்தி? நீங்க வந்து கொளுத்தணும்னுதான் எல்லாரும் காத்து நின்னோம். அப்பாக்கு வரத் தாமசமாகும், காக்காண்டாம்னு இவதான் சொன்னா.”

அவர் மனைவியும் அதையே சொன்னார். நடிக்கத் தெரிந்த மனிதர்கள் அல்ல அவர்கள். நான் அடுக்களைக்குள் போனேன். சுனிதா சிரித்த முகத்தோடு ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து தந்தாள்.

“நல்லா பொங்கிச்சுப்பா. நாலு பக்கமும் வழிஞ்சுச்சு,” என்றாள்.

அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கள்ளிக்காட்டில் நடந்ததை அவளுக்குச் சொன்னதே நான்தான். வீட்டில் உட்கார்ந்து, ஒன்று விடாமல். கரியின் அளவைக் கையால் காட்டி. அவள் அழுதாள், அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்களே அப்பா என்றாள். எல்லாம் தெரிந்தவள். தெரிந்தும் பயந்திருக்கிறாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டிவரும், அல்லது உண்மையைச் சொல்வாள். இரண்டையும் என்னால் தாங்க முடியாது.

பாலைக் குடித்துவிட்டு, பழக்கதோஷம், புகைக்குழாய் போகிற இடத்தில் சுவரைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். முதல் தீ முடிந்ததும் எந்த மேசிரியும் செய்வதுதான்.

“தொடாண்டாம்ப்பா,” என்றாள். யாருக்கும் கேட்காதபடி, மெதுவாக.

கையை இழுத்துக்கொண்டேன். அதற்குள் விரல் பட்டுவிட்டது. சுவரில் சூடு இல்லை. குழாய் நன்றாக இழுக்கிறது, என் பேரப்பிள்ளைகள் அந்த வீட்டில் பயமில்லாமல் தூங்கலாம். நீங்களும் போய் நில்லுங்கள். இறக்க வேண்டிய பாலை இறக்குங்கள். அதற்காக யாராவது உங்கள் பக்கம் நிற்பார்கள் என்று மட்டும் நினைத்துப் போகாதீர்கள், அது பெற்ற மகளின் வீடாக இருந்தாலும்.